தூங்கும் மரமும் கறுப்பு இதயமும்

அத்தியாயம் 6

வியாழக்கிழமை காலையில் ஃபாய் என் சலவைக் கடைக்குள் நுழைந்தபோது அவள் கையில் ஒரு துணிகூட இல்லை. துணி இல்லாமல் என் கடைக்கு வருகிறவர்கள் ஒன்று அழுவதற்கு வருவார்கள், இல்லை மாடியில் இருக்கும் துப்பறியும் லம்யோங்கைப் பார்க்க வருவார்கள். இந்தப் பெண் இரண்டுக்கும் சேர்த்து வந்திருந்தாள்.

“நிட் அக்கா, லம்யோங் அக்கா இருக்காங்களா?”

“இருக்கா, இருக்கா. மூக்கைத் துடைச்சுக்கிட்டு ஏறு. படி வழுக்கும்.”

சொல்லிவிட்டு நானும் பின்னாலேயே ஏறினேன். ஒட்டுக்கேட்பது கெட்ட பழக்கம். அதனால்தான் நான் எப்போதும் உள்ளேயே போய் உட்கார்ந்துவிடுவது.

லம்யோங்குக்கு ஐம்பது வயது. முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கண்டுபிடிக்கும் வேலை. யாருக்குக் கால் நிஜமாக முறிந்தது, யாருக்குப் பண்டிகைக்கு முன்னால் மட்டும் முறிகிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்வாள். உதவியாளன் குங், பைக் டாக்சிக்காரன். குங் என்றால் இறால். ஆரஞ்சு நிற டாக்சிச் சட்டையைக் கழற்றாமலே துப்பறிவான். நல்ல சவாரி கிடைத்தால் துப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போயும் விடுவான்.

“முதல்லேருந்து சொல்லு,” என்றாள் லம்யோங். “அழறதைக் கடைசியில மொத்தமா வெச்சுக்கலாம்.”

ஃபாய் சொன்னதில் பாதி எங்கள் நோக் யாங் சந்துக்கே தெரியும். சந்து முனையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை வெட்டிவிட்டு கார் நிறுத்துமிடம் கட்ட ஒரு கம்பெனி கிளம்பியிருக்கிறது. மூன்று மாதம் முன்னால் இந்த ஃபாய், சாயங்காலம் இலையெல்லாம் மூடிக்கொண்டு நிற்கும் மரத்தைப் படமெடுத்து, ‘#அவளைஎழுப்பாதே’ என்று ஒரு ஹேஷ்டேக் போட்டாள். அடுத்த வாரம் பாங்காக் முழுக்க ஆட்கள் ஏதாவது ஒரு மரத்தடியில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, படம் எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். பினாங்கில் ஒரு தபால்காரர் கண்ணை மூடினார். மணிலாவில் ஒரு வகுப்பே மூடியது, டீச்சர் உட்பட. ஜகார்த்தாவில் பைக் ஓட்டிகள் ஹெல்மெட்டுக்குள் மூடினார்கள். கண் திறந்திருக்கும் முகப்புப் படம் வைத்திருந்தால் எங்கள் சந்தில் கடன்கூடக் கிடைக்காது என்ற நிலை.

படத்துக்குக் கீழே ஓர் இதயம் போட வேண்டும். அது அந்தந்தக் கிழமையின் நிறத்தில் இருக்க வேண்டும். திங்கள் மஞ்சள், செவ்வாய் இளஞ்சிவப்பு, புதன் பச்சை, வியாழன் ஆரஞ்சு. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. எங்கள் ஊரில் சட்டை போடுவதே அப்படித்தான், இதயம் போடமாட்டார்களா? இது தெரியாமல் கம்பெனி ஆட்கள், மரம் என்றால் பச்சைதான் என்று ஆபீஸில் உட்கார்ந்து யோசித்து, திங்கள்கிழமையே பச்சை இதயத்தோடு கூட்டத்துக்குள் நுழைந்தார்கள். ஊர் சிரித்த சிரிப்பில் பச்சை நிறத்துக்கே வெட்கமாகிவிட்டது.

இப்போது வந்த சிக்கல் வேறு. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வட்டார அதிகாரி மரத்தைப் பார்க்க வருகிறார். கூட்டம் நின்றால் ‘எதிர்ப்பு உண்டு’ என்று எழுதுவார். ஆளில்லாவிட்டால் வெட்டக் கையெழுத்து. எல்லாரும் வருவதாகத்தான் இருந்தது. ஆனால் புதன்கிழமை இருட்டியதும் மரத்தைக் காக்கும் இயக்கத்தின் சொந்த இணையப் பக்கத்திலேயே ஒரு பதிவு வந்தது. தூங்கும் மரத்தின் படம். கீழே: ‘அவள் பிழைத்துவிட்டாள். தெய்வமே நன்றி. அலைந்த கால்கள் இனி ஓய்வெடுக்கட்டும்.’ பக்கத்தில் ஒரு கறுப்பு இதயம்.

“வெற்றின்னு நெனச்சு எல்லாரும் பட்டாசு படம் போட்டுட்டுத் தூங்கப் போயிட்டாங்க,” என்றாள் ஃபாய். “நான் பாத்ததுமே அழிச்சேன். அழிச்சதுதான் தப்பாப் போச்சு. ‘திருடி தடயத்தை அழிக்கிறா’ன்னு எங்க இயக்கத்துத் தோர் சொல்லிட்டான். பேஜ்ல எழுதற உரிமை ரெண்டே பேருக்குத்தான். எனக்கும் அவனுக்கும். அந்த நேரம் அவன் நாப்பது பேரோட வீடியோ காலில இருந்தான். கையை ஆட்டி ஆட்டி சட்டம் பேசிட்டிருந்தான். அப்ப நான்தானே?”

“நீயா?” என்றான் குங்.

“இல்லண்ணா!”

“சும்மா கேட்டேன். சில பேர் டக்குனு ஒத்துக்குவாங்க, வேலை மிச்சம்.”

“கம்பெனி கோமேத்தோட நான் காபி குடிச்சதை வேற ஒருத்தன் பாத்துட்டான். அவர்தான் கூப்பிட்டார். வேலை தர்றேன்னார், வேணாம்னு வந்துட்டேன். இப்போ நான் வித்துட்டேன்னு பேசறாங்க. என்னைக் குரூப்பை விட்டே தள்ளிட்டாங்க. ‘பொய், நாளைக்கு வாங்க’ன்னு தோர் எழுதியும் யாரும் நம்பல. மொதல் பதிவு யார் போட்டதுன்னு தெரியாம எந்தப் பதிவை நம்பறதுன்னு கேக்கறாங்க. மரம் போயிடும் அக்கா. எம் பேரும் போயிடும்.”

அழிக்கும் முன் எடுத்து வைத்திருந்த அந்தப் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை லம்யோங் ஃபாயின் போனில் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்ட கேள்வி எனக்குப் பிடிக்கவே இல்லை, ஏனென்றால் எனக்குத் தோன்றாத கேள்வி.

“புதன்கிழமைக்குப் பச்சைதானே? பொய் சொல்ல வந்தவன் ஏன் கறுப்பைப் போட்டான்?”

“துக்கமா இருக்கும்,” என்றேன்.

“பிழைச்சதுக்கு யாராவது துக்கப்படுவாங்களா நிட்? வண்டியை எடு குங்.”

நாங்கள் மூன்று பேரும் ஒரே பைக்கில் போனதைச் சந்தே பார்த்தது. சலவைத் துணி கேட்டு வந்தவர்களுக்குக் கடைக் கதவு பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

மரத்தடியில் கோமேத் நின்றிருந்தான். கம்பெனியின் மக்கள் தொடர்பு ஆள். தலைமுடியில் அவ்வளவு எண்ணெய் வைத்தால் கொசு வழுக்கி விழும். சட்டையில் பச்சை இதய ஸ்டிக்கர்.

“வாழ்த்துகள் லம்யோங் அக்கா! மரம் பிழைச்சிடுச்சாமே. நாளைக்கு எல்லாரும் வீட்டுல நிம்மதியா இருங்க.”

“நீதான் போட்டியா?”

“நானா?” அவன் நிஜமாகவே மனம் நொந்து போனான். “அக்கா, எங்க ஆளுங்க போட்டா பச்சை இதயம்தான். பெட்டி பெட்டியா ஸ்டிக்கர் அடிச்சு ஆபீஸ்ல நடக்க எடமில்ல. கறுப்பு போடணும்னா மேலிடத்துல அனுமதி வாங்க ரெண்டு மாசம் ஆகும்.”

“நம்பறேன்,” என்றாள் லம்யோங்.

“நானும் நம்பறேன்,” என்றான் குங். “அவ்வளவு யோசிக்கிற மூஞ்சி இல்ல.”

அந்த மரத்தின் அடி ஒரு சிற்றுந்து அகலம். முன்பக்கம் வண்டிக் கடைகள். பின்பக்கம் சாக்கடை, யாரும் போவதில்லை. லம்யோங் போனாள். புதுச்செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் போனேன். சும்மா விடுவேனா?

வேர்களுக்கு நடுவில் ஒரு வாழையிலை. அதன் மேல் கறுப்புக் கோழி ஒன்று. ஒரு குவளை பால் சேர்க்காத காபி. ஊறவைத்துக் கறுத்த முட்டை, கறுப்பு ஜெல்லி, கறுப்பரிசிப் பொங்கல், கறுப்பு அவரை, கருந்திராட்சை, ஒரு புட்டி கோலா. ஓரத்தில் எரிந்து முடிந்த கறுப்பு ஊதுவத்திகள்.

“தூங்கற மரத்துக்குக் காபி வாங்கிக் குடுத்திருக்காங்க,” என்றான் குங். “எழுப்பாதேன்னு ஊரே கத்துது, இங்க ஒருத்தன் டபுள் ஸ்ட்ராங்கா ஊத்தியிருக்கான்.”

லம்யோங் சிரிக்கவில்லை. விரல்விட்டு எண்ணினாள். “எட்டு. எட்டு கறுப்புப் பண்டம் யாருக்கு நிட்?”

“ராகுவுக்கு,” என்றேன். இது எனக்கே தெரியும். எங்கள் ஊரில் புதன்கிழமை பகல் புதனுக்கு. பொழுது சாய்ந்தால் அதே புதன்கிழமை ராகுவுக்கு. பகலில் பச்சை, இருட்டினால் கறுப்பு.

“ஆமா. அப்ப அந்தக் கறுப்பு இதயம் தப்பு நிறமில்ல. ரொம்பச் சரியான நிறம். நம்ம எல்லாரையும்விட கிழமை பாக்கற ஆள் போட்டது. இப்ப அந்த வரியைப் படி. ‘வராதே’ன்னு எங்கயாவது சொல்லுதா?”

“இல்ல. நன்றின்னு சொல்லுது.”

“ஏமாத்த வந்தவன் ‘வராதே’ன்னு எழுதுவான். இவன் சாமிக்கு நன்றி சொல்றான். நடக்கணும்னு வேண்டிக்கிட்டு, நடந்த மாதிரியே சொல்லியிருக்கான். இது சதி இல்ல, குங். பிரார்த்தனை.”

“பிரார்த்தனையை ஏன் பேஜ்ல போடணும்? சாமிக்கு அக்கவுண்ட் இருக்கா?”

“அதைத்தான் கோழிகிட்ட கேக்கப் போறோம்.”

மற்ற ஏழு பண்டமும் எந்தக் கடையிலும் கிடைக்கும். கறுப்புக் கோழி எங்கள் சந்தையில் ஹெங் மாமாவிடம் மட்டும்தான். ஹெங் மாமா கத்தியைத் தீட்டிக்கொண்டே பேசுவார், அதனால் எதிரில் நிற்பவர்கள் மரியாதையாகவே பேசுவார்கள்.

“நேத்து ஒண்ணே ஒண்ணுதான் போச்சு. அம்மாவுக்குப் பிரசவச் சூப்புன்னு வாங்கிட்டுப் போனான். அவங்கம்மா வயசு அம்பத்தெட்டு. நான் ஏதாவது கேட்டனா? கேக்கல. வியாபாரம்னா வாயை மூடணும்.”

“யாரு மாமா?” என்றேன்.

“உன்கிட்ட சொல்றதுக்கு ஒலிபெருக்கி வெச்சு சொல்லலாம்.”

லம்யோங் காதை நீட்டினாள். அவர் அவள் காதில் மட்டும் சொன்னார். குங்கின் காதில் அவள் சொன்னாள். குங் நீளமாக விசில் அடித்தான். என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. அங்கிருந்து காபிக் கடை வரைக்கும் நான் பட்ட பாட்டை எதிரிக்கும் கொடுக்காதே புத்தரே.

காபிக் கடையில் இயக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் முகம் தொங்க உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தோர். மூக்கில் வளையம், வட்டக் கண்ணாடி, எதைப் பேசினாலும் ஒரு புள்ளிவிவரம். போன மாதம் என்னிடம் வந்து, ஒரு மரம் எவ்வளவு வெப்பத்தைக் குறைக்கும் என்று சொல்லி, என் இஸ்திரிப் பெட்டியைக் குற்றவாளி மாதிரி பார்த்துவிட்டுப் போனவன்.

லம்யோங் போன் போட்டு வரவழைத்திருந்த ஃபாய் எங்கள் பின்னால் நுழைவதைப் பார்த்ததும் அவன் எழுந்தான். “இவ ஏன் இங்க வந்தா?”

“நான்தான் வரச் சொன்னேன்,” என்றாள் லம்யோங். “அந்தப் பதிவைப் போட்டது யார்னு தெரிஞ்சுடுச்சு.”

“யாரு?”

“நீ.”

கடையே ஒரு நிமிடம் உறிஞ்சுவதை நிறுத்தியது.

தோர் சிரித்தான். “அக்கா, நான் டேட்டாவை மட்டும்தான் நம்புவேன். அந்த நேரம் நாப்பது பேர் என் மூஞ்சியைப் பாத்துட்டிருந்தாங்க. என் ரெண்டு கையும் ஸ்கிரீன்ல இருந்துச்சு.”

“ரொம்ப நல்லா இருந்துச்சு. ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசியிருக்க. உன் போன் முகப்புல என்ன படம் வெச்சிருக்க தம்பி?”

அவன் கை சட்டென்று மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்த போனுக்குப் போனது. “அது பர்சனல்.”

“உள்ள பாக்கல. முகப்பு மட்டும்.”

“முடியாது.”

குங் தன் போனை எடுத்தான். “சவாரிக்கு உன் நம்பர் எங்கிட்ட இருக்குப்பா.” அழைத்தான். மணி அடித்ததும் தோர் பதறி போனைப் பறித்தெடுத்தான். கவிழ்ந்திருந்தது நிமிர்ந்தது. திரை பளிச்சென்று எரிந்தது. சந்திரனை வாயில் கவ்விக்கொண்டு, தங்கப் பல் தெரிய, ராகு பகவான் எங்கள் எல்லாரையும் பார்த்து இளித்தார்.

“டேட்டா நல்லா இருக்கு,” என்றான் குங்.

லம்யோங் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “பதிவு வந்த நிமிஷம் ஒன்பதுல முடியுது. ஜோசியர் குறிக்கிற நேரமெல்லாம் ஒன்பதுலதான் முடியும். நீ சாயங்காலமே கோழியை வெச்சிட்டு, அந்த நல்ல நேரத்துல தானா வெளியாகற மாதிரி பதிவை எழுதி வெச்சுட்ட. அப்புறம் வீடியோ காலில சட்டம் பேசின. சரியா?”

தோர் கண்ணாடியைக் கழற்றினான். கழற்றினால் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தான்.

“அது பேஜ்ல போக வேண்டியது இல்ல,” என்றான் மெதுவாக. “எனக்கு வேற ஒரு சின்ன அக்கவுண்ட் இருக்கு. சாமி விஷயத்துக்கு மட்டும். பதினோரு பேர்தான் பாப்பாங்க. வேண்டுதலை நடந்துட்ட மாதிரி எழுதணும், அதுதான் முறை. போன்ல பேஜ் திறந்திருந்தது தெரியாம… நேரம் குறிச்சு வெச்சுட்டேன். கால் முடிஞ்சு பாக்கறேன், ஊரே வெற்றிங்குது.”

“அப்பவே சொல்லியிருக்கலாமேடா!” என்றாள் ஒரு பெண்.

“எப்படிச் சொல்றது? மூணு மாசமா மண் பரிசோதனை, வெப்பநிலைன்னு பேசினவன், கடைசியில பயந்துபோய் ராகுவுக்குக் கோழி வெச்சேன்னா? கம்பெனிக்காரன் அதையே ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டுவான்.”

ஃபாய் அவன் எதிரில் வந்து நின்றாள். அழவில்லை.

“உன் மானத்துக்கு என் பேரை விலை வெச்சியா தோர்?”

அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்.

“மன்னிப்பு எங்கிட்ட வேணாம்,” என்றாள். “எந்த எடத்துல ஊரு என்னைத் திருடின்னு சொல்லுச்சோ அங்க சொல்லு. கண்ணைத் திறந்துக்கிட்டு சொல்லு.”

“சிரிப்பாங்க ஃபாய்.”

“சிரிக்கட்டும். அதுக்கப்புறம் நாளைக்கு வரச் சொல்லு.”

குங் போனைப் பிடிக்க, தோர் பேசினான். கோழியிலிருந்து கோலா வரை எல்லாவற்றையும் சொன்னான். ஃபாய் செய்யாத குற்றத்தை அவள் தலையில் கட்டியதைச் சொன்னான். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, மூன்றாவது இடத்தில் விக்கல் வந்தது. “மரம் இன்னும் பிழைக்கல. நாளைக்கு வாங்க. ஃபாய் சொல்றதை நம்புங்க,” என்று முடித்தான்.

போட்டாயிற்று. எல்லாரும் திரையைப் பார்த்தோம். முதல் பத்து பதிலும் சிரிப்பு முகங்கள். தோர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

பதினோராவதாக, கோராட்டிலிருந்து ஒரு கட்டட எஞ்சினியர் எழுதியிருந்தார்: ‘நான் ஒவ்வொரு பாலம் முடிந்ததும் பூமாதேவிக்கு நூறு அவித்த முட்டை வைக்கிறேன். என் மேலதிகாரிக்குத் தெரியாது. இப்போது தெரியும்.’ பக்கத்தில் ஒரு கறுப்பு இதயம்.

அடுத்து ஒரு பல் டாக்டர். அடுத்து கணக்கு வாத்தியார் ஒருவர், பரீட்சைக்கு முன்னால் சாமிக்கு வரிக்குதிரை பொம்மை வைப்பாராம். வியாழக்கிழமை, எல்லாம் ஆரஞ்சாக இருக்க வேண்டிய நாள், மதியத்துக்குள் எங்கள் பக்கம் கரிப்பானை மாதிரி கறுத்துவிட்டது. ஜகார்த்தாவின் பைக் ஓட்டிகள் கண்ணை மூடிக்கொண்டு கறுப்புக் காபி குவளையைத் தூக்கிக் காட்டினார்கள். பினாங்குத் தபால்காரர் கறுப்புக் குடை பிடித்தார். மணிலா டீச்சருக்கு ராகு யாரென்றே தெரியாது. ‘யாராக இருந்தாலும் நம் பக்கம்தானே?’ என்று எழுதி, பிள்ளைகள் கையில் கறுப்பரிசிப் பணியாரத்தைக் கொடுத்திருந்தாள். தோர் வெட்கப்பட்டு மறைத்த சின்னம் சாயங்காலத்துக்குள் அவனுக்குத் துணையாக நின்றது. ஃபாயை யாரோ மறுபடி குரூப்பில் சேர்த்தார்கள். அவள் ஒரே வரி எழுதினாள்: ‘காலை எட்டு மணி. ஏதாவது கறுப்பாகக் கொண்டுவாங்க.’

வெள்ளிக்கிழமை காலை எங்கள் சந்து இருந்த மாதிரி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வாகனம் நுழைய வழியில்லை. ஒருவர் கையில் காபி, ஒருவர் கையில் ஜெல்லி, ஒரு அம்மாள் தன் கறுப்பு நாயையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஹெங் மாமாவிடம் கோழி தீர்ந்து, சாதாரணக் கோழிக்கு சோயா சாஸ் பூசி விற்றுக்கொண்டிருந்தார். கோமேத் ஓரத்தில் தன் பச்சை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அது வரவில்லை. நல்ல பசை.

வட்டார அதிகாரி வந்தார். ஃபைலைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார். ‘எதிர்ப்பு உண்டு’ என்று எழுதுவதற்கு முன்னால் தலைகளை எண்ண வேண்டுமாம். விரலை நீட்டி முதல் வரிசையில் ஆரம்பித்தார்.

ஃபாய் வேரின் மேல் ஏறி நின்றாள். இரண்டு நாள் முன்னால் திருடி என்று பேர் வாங்கிய பெண். “எல்லாரும் ஒரு நிமிஷம் கண்ணை மூடுங்க,” என்றாள்.

கேட்பார்களா என்று நான் பயந்தேன். ஒரு சந்து முழுக்க, திருப்பம் வரைக்கும், இமைகள் மூடின. தோர் எல்லாரையும்விட இறுக்கமாக மூடியிருந்தான். நாயின் கண்ணைக்கூட அந்த அம்மாள் பொத்தினாள். அந்த அமைதியில் மரத்திலிருந்து ஓர் இலை விழுந்தது கேட்டது.

நான் திறந்து பார்த்தேன். என்ன செய்வது, பிறவிக் குணம். அத்தனை பேருக்கும் மேலே ஃபாய் மட்டும் கண் திறந்து நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, தன்னை நம்பி வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத் தீராமல் நின்றாள். அதிகாரி எண்ணிக்கொண்டே மூன்றாவது வரிசைக்கு வந்திருந்தார்.

அவள் பார்வை என் மேல் விழுந்தது.

“யாரோ கண்ணைத் திறந்து வெச்சிருக்கீங்க!” என்று அதட்டினாள். “மூடுங்க!”

நான் மூடுவதற்குள் பார்த்துவிட்டேன்: அதிகாரி திடுக்கிட்டு, எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, தானும் கண்ணை மூடிக்கொண்டார்.